நுரை நிற்கும் வரை

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டைப் பகுதியில் தென்னைகளோடு மின்கம்பங்களும் வீழ்ந்தன. மின்சாரமின்றி மேல்நிலைத் தொட்டிகள் வறண்டன. அவற்றை நிரப்ப வாடகை ஜெனரேட்டர்கள் சரக்கு வண்டிகளில் ஊர் ஊராகச் சென்றன. எங்கள் ஊருக்கு வந்த ஜெனரேட்டர், தொட்டியில் கால்பங்கு நீர் ஏறுமுன் திணறி நின்றது.

டீசல் தீரவில்லை. ஆயினும் மெக்கானிக் வடிகட்டியின் அடித்திருகைத் தளர்த்தியபோது முதலில் வடிந்தது நீர். மழையில் கேன்களில் சுமந்துவந்த டீசல் அல்லவா! நீர் டீசலைவிடக் கனமானது. அடியில் தங்கி, வழவழப்புக்கு டீசலையே நம்பியிருக்கும் பம்பையும் நாசிலையும் துருவேற்றிவிடும்.

புதிய வடிகட்டியைப் பொருத்தியதும், "ஸ்டார்ட் பண்ணலாமாண்ணே?" என்றான் ஓர் இளைஞன்.

"காத்து எடுக்காம ஓடாது தம்பி" என்றார் அவர்.

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்டுச் சூடேறிய காற்றினுள் எரிபொருளை மிகுந்த விசையுடன் பீய்ச்சினால்தான் அது பற்றும். குழாயில் காற்றுக்குமிழ் இருப்பின், பம்பின் விசை அதைச் சுருக்குவதிலேயே கழியும். வீணே சாவியைத் திருப்பினால் பேட்டரியும் தீரும். இருண்ட ஊரில் அதை எங்கே ஏற்றுவது?

மேல்திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்திக்கொண்டேயிருந்தார். நுரை வந்தது, நின்றது, மீண்டும் வந்தது. குடங்களோடு காத்திருந்த பெண்கள் பேச்சடங்கிப் பார்த்தனர். அந்தப் பொறுமையையும் நான் கல்வி என்றே சொல்வேன். குமிழற்ற டீசல் வழிந்ததும் திருகை இறுக்கினார். இயந்திரம் உறுமியது.

இரவில் வண்டி கிளம்புமுன் டீசல் தொட்டியை விளிம்புவரை நிரப்பினார். குறைத்தொட்டியில் இரவின் ஈரக்காற்று குளிர்ந்து நீராய்ப் படியுமாம்.