சரியாகத்தானே உட்காருது

பெரியப்பாவின் ரெட்டைக்குழல் துப்பாக்கி என் அப்பாவைவிட மூத்தது. இங்கிலாந்தில் செய்தது. தோட்டத்துத் துரை ஊர் திரும்பியபோது தாத்தா வாங்கியதாம். தாத்தாவுக்குப் பிறகு பெரியப்பா லைசன்ஸ் எடுத்தார். ஐந்து ஏக்கர் செம்பனையில் காட்டுப்பன்றிகள் இறங்கி இளங்கன்றுகளின் குருத்தைத் தின்றுவிடும். அதற்குத்தான் துப்பாக்கி.

போன தீபாவளிக்குப் போனபோது மேசையில் புதுத் தோட்டாப் பெட்டி. '70 மி.மீ., 36 கிராம்' என்று போட்டிருந்தது.

“பழசு கெடைக்கலடா தம்பி. இதுவும் பன்னண்டு போர்தான். போட்டுப் பார்த்தேன், சரியாத்தானே உட்காருது.”

லைசன்ஸ் அவர் பேரில் என்பதால் குழலை அவரே கழற்றிப் பிடித்துக்கொண்டார். நான் டார்ச் அடித்தேன். அடிப்பக்கம் பர்மிங்காம் சோதனைக்கூடத்தின் முத்திரை. 1813-இல் தொடங்கிய கூடம் அது. வழக்கத்தைவிட அதிக அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். பக்கத்தில் இரண்டு எண்கள்: 2½ அங்குலம், 1⅛ அவுன்ஸ். அதாவது, தோட்டா உட்காரும் அறை சுமார் 65 மி.மீ. வகை; ரவை 32 கிராமுக்கு மேல் கூடாது.

சரியாக உட்காருவதுதான் இதில் ஆபத்து. பெட்டியில் போட்டிருக்கும் 70 மி.மீ., சுட்டபின் உள்ள நீளம். சுடும் முன் தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் குட்டை அறையிலும் அது நுழைந்துவிடும். சுட்டதும் மடிப்பு விரிந்து, அறைக்கு முன்னால் குழல் குறுகும் இடத்தில் போய் நெருக்கும். ரவையும் வாயுவும் வெளியேறும் வழி அங்கே இடுங்கிவிடும்; அழுத்தம் ஏறும். குழலைத் தாங்கியிருப்பது பெரியப்பாவின் இடது கை.

பிற்காலத்தில் யாராவது அறையைக் கடைந்து நீட்டியிருக்கலாமே என்று ஒரு சந்தேகம். அடுத்த வாரம் 20.2 மி.மீ. விட்டத்தில் ஒரு பித்தளைக் கட்டையைக் கடைந்து கொண்டுபோனேன். 64 மில்லிமீட்டரில் நின்றுவிட்டது. யாரும் நீட்டவில்லை.

“65 மி.மீ. அறைக்குன்னு பெட்டியிலேயே எழுதியிருக்கணும் பெரியப்பா. ரவையும் 32 கிராமுக்குள்ள. இரும்பு ரவை வேணாம், ஈயம்தான். அதுக்கும் முன்னால துப்பாக்கி ரிப்பேர் பண்றவர் குழலோட தடிமனைப் பார்க்கட்டும். துருவும் நசுங்கலும் என் கண்ணுக்குத் தெரியாது.”

“முப்பது வருஷமா சுடுறேன். இதுவரைக்கும் ஒன்னும் ஆகலியே?”

எனக்குச் சுருக்கென்றது. இதே வாக்கியத்தை நான்கு மாதத்துக்கு முன் வேலையிடத்தில் கேட்டிருந்தேன். ஒரு பாதுகாப்பு வால்வைச் சோதிக்க வேண்டிய தேதி கடந்துவிட்டது என்றதற்கு மேலதிகாரி சொன்ன பதில் அது. அன்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். உலோகச் சோர்வு பற்றிப் பல்கலைக்கழகத்தில் பரீட்சை எழுதியவன் நான். ஒன்றும் ஆகாத ஒவ்வொரு முறையும் உலோகம் கொஞ்சம் தளர்ந்திருக்கலாம். முப்பது வருடம் என்பது அடுத்த வெடிக்கு உத்தரவாதம் ஆகாது.

“ஆகியிருந்தா உங்க கை இருந்திருக்காது” என்றேன். பெரியப்பாவிடம் நான் இப்படிப் பேசியதே இல்லை. அவர் பதில் சொல்லாமல் துப்பாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அன்றிரவு பன்றிகள் வந்தன. இருட்டில் தகர டின்னைத் தட்டிக்கொண்டே அவர் நடக்கும் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை காலை அந்த வால்வைப் பற்றி மின்னஞ்சல் எழுதினேன். நான்கு வரிதான். எழுத ஒரு மணி நேரம் ஆனது.