கூப்பிட்ட குரலுக்கு

ஜாசின் பக்கம் ஒரு தாமான் வீடு. கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். வீட்டுப் பெரியவர் இறந்து முப்பதாம் நாள். படத்துக்கு மாலை போட்டாயிற்று, மெழுகுவத்தி ஏற்றியாயிற்று. எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உபதேசியார் வர வேண்டும்.

ஒரு கப்சாய் மோட்டார் வந்து நிற்கிறது. இறங்குகிறவருக்கு எழுபது நெருங்கும். மேலே தேய்த்த வெள்ளைச் சட்டை, கீழே கருநீலச் சிலுவார். சிலுவார் செக்குரிட்டி வேலைக்கு உரியது. செபம் முடிந்ததும் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு இரவு வேலைக்குப் போய்விடுவார். மோட்டார் கூடையிலிருந்து ஒரு பையை எடுத்து மேசைமேல் பிரிக்கிறார். காக்கித்தாள் அட்டை போட்ட செபப் புத்தகம், விவிலியம், செபமாலை, தீர்த்தப் புட்டி, மூக்குக்கண்ணாடி. கூடவே ஒரு தீப்பெட்டி. எந்த வீட்டில் எது இல்லாமல் போகும் என்று அவருக்குத் தெரியும்.

“தேத்தண்ணி குடிங்க உபதேசியாரே.”

“முடிஞ்சதும் குடிக்கிறேம்மா.”

கடைசி நாற்காலியில் இருந்து அவர் கையைப் பார்க்கிறேன். வலது பெருவிரலின் அடியில் காய்ப்பு. மரம் வெட்டிய கை. உளியைக் கீழே வைத்துப் பல வருடம் ஆகியும் காய்ப்பு போகவில்லை. அந்தக் கையால் சிலுவை போட்டு, “பிதா சுதன்” என்று தொடங்குகிறார். பேரப்பிள்ளைகள் கைப்பேசியைக் கீழே வைக்கிறார்கள்.

செபமாலை முடிந்து வாசகம். கண்ணாடியை ஏற்றுகிறார், இறக்குகிறார், புத்தகத்தை விளக்குப் பக்கம் திருப்புகிறார். எழுத்து பிடிபடவில்லை. தலையை நிமிர்த்திக் கூட்டத்தை ஒரு சுற்று பார்க்கிறார். கேட்டுக்குப் பக்கத்தில் கம்பெனிச் சட்டையோடு ஒரு பெண் நிற்கிறாள். பத்து பெரெண்டாம் தொழிற்சாலையில் பகல் வேலை முடித்து நேராக வந்தவள்.

“ஏம்மா, நீ தமிழ்ப்பள்ளியில படிச்ச பிள்ளைதானே? வந்து வாசி.”

“நானா அங்கிள்? எனக்கு இதெல்லாம் தெரியாது.”

“தெரிஞ்சவங்க வரட்டும்னு இருந்தா கோயில் கதவைத் திறக்கவே ஆள் இருக்காது. வாம்மா.”

வருகிறாள். முதல் இரண்டு வரிகள் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. மூன்றாவது வரியில் குரல் வெளியே வருகிறது. படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விதவைப் பாட்டி நிமிர்ந்து அவளைப் பார்க்கிறார். வாசித்து முடித்தவள் புத்தகத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

தேநீர் நேரத்தில் அவள் உபதேசியாரிடம் வருகிறாள். “நான் கம்பெனியில வேலை செய்யிறவ அங்கிள். இதுக்கெல்லாம் படிச்சவங்க, பக்தியானவங்க வேணும்.”

அவர் ஆமோசைப் பற்றிப் பேசுகிறார். தெக்கோவாவில் ஆடு மேய்த்தவர், காட்டத்தி மரங்களைப் பார்த்துக்கொண்டவர். காய் பழுக்க வேண்டுமானால் அதைக் கத்தியால் கீறிவிட வேண்டும். அந்த மரத்திலும் பால் வடியும். “நம்ம ஆளும்மா அவரு. மரத்தோட பொழைச்சவரு.” பெத்தேல் கோயில் குரு அவரை ஊரைவிட்டு விரட்டப் பார்த்தபோது, தான் இறைவாக்கினர் பரம்பரை இல்லை என்று சொல்லிவிட்டுத் தன் தொழிலைத்தான் சொன்னாராம். ஆட்டின் பின்னால் போய்க்கொண்டிருந்தவரைத்தான் ஆண்டவர் கூப்பிட்டார். உபதேசியார் இதைப் பிரசங்கமாகச் சொல்லவில்லை. தெரிந்த குடும்பத்துச் சேதியைச் சொல்வதுபோலச் சொல்கிறார்.

பிறகு தன் கதையைச் சொல்கிறார். அதைச் சொல்வதற்குமுன், அந்தக் காலத்தில் நாட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

1976 ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் கத்தோலிக்க ஆயர்களும் குருக்களும் ஒரு மாதம் முழுக்க ஒன்றாகக் கூடியிருந்தார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் முடிந்திருந்தது. அது சொன்னபடி இங்கே திருச்சபை எப்படி நடக்க வேண்டும் என்று யோசிக்கவே அந்தக் கூட்டம். அந்த ஒரு மாதம் கோயில்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பொதுநிலையினர் கைக்கு வந்தது. ஞாயிறு வழிபாடு, நோயாளி வீடு, சாவு வீடு எல்லாவற்றுக்கும் அவர்களே போனார்கள். வீடுவீடாகக் கூடும் அடிப்படைக் கிறிஸ்தவச் சமூகங்கள் வேர்பிடித்தது அதற்குப் பிறகுதான்.

அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. குனோங் லெடாங் மலை தெரியும் ஒரு தோட்டத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். படிப்பு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை. ஒரு நாள் மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு நிரையில் போய்க்கொண்டிருந்தபோது மண்டோர் தேடி வந்தார். லயத்தில் ஒரு பாட்டிக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. பாதர் இல்லை. “நீதான்டா வாசிக்கத் தெரிஞ்சவன், வா.”

“நானான்னுதான் நானும் கேட்டேன்” என்கிறார் அந்தப் பெண்ணிடம்.

வாளியைப் பக்கத்து நிரைக்காரரிடம் விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். மரிப்பவருக்கான செபத்தை வாசிக்கத் தொடங்கியதும் பாட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “ஒட்டுப்பால் நாத்தம் கையில. எனக்குக் கூச்சமா இருந்துச்சு. பாட்டி விடல. முடியிற வரைக்கும் விடல.” அடுத்த வாரம் இன்னொரு வீட்டில் கூப்பிட்டார்கள். அதற்கடுத்த மாதம் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். ஆளைத் தேர்ந்தெடுக்க யாரும் கூட்டம் போடவில்லை. ஒரு தேவைக்குப் போனார், அடுத்த தேவை அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

அவரைக் கூப்பிட்டது மண்டோரின் குரல். அதற்குள் கடவுளின் குரல் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பைபிளில் கூப்பிடப்பட்டவர்கள் பலரும் வேலை நேரத்தில்தான் கூப்பிடப்பட்டார்கள். மோசே மாமனாரின் ஆடுகளை ஓட்டிக்கொண்டிருந்தார். கிதியோன் எதிரிக்குப் பயந்து மறைவில் கோதுமை அடித்துக்கொண்டிருந்தார். எலிசா ஏரில் இருந்தார், மத்தேயு சுங்கச் சாவடியில் இருந்தார். மோசேயும் கிதியோனும் ‘நானா’ என்ற கேள்வியை அவரவர் பாணியில் கேட்டார்கள்.

மலாக்காவுக்கு இந்த விஷயம் புதிதல்ல. புனித சவேரியார் 1545-இல் இங்கே வந்து இறங்கினார். அதற்குமுன் முத்துக்குளித்துறையில் பரதவர் ஊர்களில் இருந்தபோது, தான் ஒருவர் மட்டும் எல்லா ஊருக்கும் போதாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை அமர்த்தினார். பிள்ளைகளைக் கூட்டி மந்திரம் சொல்லிக்கொடுப்பது, பிறப்பையும் திருமணத்தையும் எழுதிவைப்பது, சாகும் நிலையில் உள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது அவர்கள் வேலை. அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க, போர்த்துகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கியிருந்த பணத்தைக் கேட்டு வாங்கினார். சவேரியார் பெயரில் உலகம் முழுக்கக் கோயில்கள் இருக்கின்றன. அந்தக் கணக்கப்பிள்ளைகளின் பெயர்கள் போன இடம் தெரியவில்லை. விசுவாசம் மட்டும் அந்தக் கடற்கரையில் இன்றும் நிற்கிறது.

1547 டிசம்பரில் இதே மலாக்காவில் சவேரியாரைத் தேடி ஒரு ஜப்பானியர் வந்தார். பெயர் அஞ்சிரோ. கொலைப்பழிக்குப் பயந்து ஊரைவிட்டுக் கப்பலேறியவர், மனசாட்சி உறுத்திக்கொண்டிருந்தவர். 1549-இல் சவேரியார் ஜப்பானில் கால் வைத்தபோது கூட நின்று வழிகாட்டியவர் அந்த மனிதர்தான்.

தோட்டக் காலத்தில் கதை வேறு ஆட்களோடு தொடர்ந்தது. டான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் வளர்த்த முன்னோடிகளில் அவரும் ஒருவர். மரம் வளர வளரத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 1938-இல் இந்திய அரசு தடுத்து நிறுத்தும்வரை கங்காணிகள் கூட்டிவந்தார்கள். அவர்களில் கொஞ்சம் பேர் கிறிஸ்தவர்கள். பாதர் தோட்டத்துக்கு வந்து பூசை வைப்பது எப்போதாவதுதான். மற்ற நாளெல்லாம் அவர்கள் விசுவாசத்தைக் காப்பாற்றியவர், காலையில் பெரட்டுக்குப் போய், மத்தியானம் பால் நிறுத்து, சாயங்காலம் குளித்துவிட்டு மணியடித்த உபதேசியார். மெதடிஸ்ட், லுத்தரன் சபைகளிலும் இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மே 10-ஆம் நாள் மறைக்கல்வி ஆசிரியர் பணியை உலகத் திருச்சபை முழுமைக்கும் ஒரு திருப்பணியாக நிறுவினார். மனம் நிறைந்து வரவேற்க வேண்டிய செய்தி. அதை வாசித்தபோது லயத்து முன்வாசலில் மண்ணெண்ணெய் விளக்கோடு உட்கார்ந்திருந்த அந்த மனிதர்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள்.

நல்லாயன் ஞாயிறு. மலாக்கா டவுனில் புனித சவேரியார் கோயில். 1849-இல் கட்டத் தொடங்கிய இரட்டைக் கோபுரக் கோயில். இறையழைத்தலுக்காக உலகமே மன்றாடும் நாள் இது. 1964 முதல் நடந்துவருகிறது. இளைஞர்கள் குருத்துவத்துக்கு முன்வர வேண்டும் என்று மன்றாட்டு எழுகிறது. அது மிகவும் தேவையான மன்றாட்டு. கெடாவில் ஓர் இந்தியக் குடும்பத்தில் பிறந்த சோட்டர் பெர்னாண்டஸ் அப்படி முன்வந்ததால்தான் 2016-இல் இந்த நாட்டின் முதல் கர்தினால் கிடைத்தார். “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று எல்லோரும் சொல்கிறார்கள். உபதேசியாரும் சொல்கிறார். இரவு வேலை முடித்து வந்த கண்கள் சிவந்திருக்கின்றன.

பூசை முடிந்ததும் பிள்ளைகள் மறைக்கல்விக்கு ஓடுகிறார்கள். பாதிப் பிள்ளைகள் மலாய்ப் பள்ளியில் படிப்பவர்கள். தமிழ்ச் செபத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்து வாசிக்கிறார்கள். உபதேசியாருக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. கண் தெரியாததால் எழுதிக்காட்டவும் முடியவில்லை. அதனால் பலகைக்கு முன்னால் நிற்பது அந்தக் கம்பெனிப் பெண். முப்பதாம் நாள் வீட்டில் வாசித்தவள், பிறகு இன்னும் சில வீடுகளில் வாசித்தவள். ‘அன்பு’ என்று எழுதி ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல வைக்கிறாள். ஒரு பையன் ‘ன்’னையும் ‘ண்’ணையும் மாற்றிப் போடுகிறான். அவன் விரலைப் பிடித்துப் பலகையிலேயே எழுதவைக்கிறாள். உபதேசியார் பின்னால் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நாற்பத்தொன்பது ஆண்டுக்கு மேல் அவரைப் பணியில் வைத்திருந்தது ஆறாம் வகுப்புப் படிப்பு. அவளைக் கொண்டுவந்து நிறுத்தியதும் தமிழ்ப்பள்ளியில் கற்ற அதே எழுத்துதான். கையில் இருப்பதைத்தான் கடவுள் கேட்கிறார். அது கொஞ்சமாக இருப்பதில் அவருக்குக் குறையில்லை. இந்த மாநிலத்தில் தோட்டங்கள் செம்பனையாகவும் தாமானாகவும் மாறின, லயங்கள் இடிந்தன, தோட்டத்து மக்கள் டவுனுக்கு வந்தார்கள். மாடி வீட்டிலும் பாட்டிக்கு இழுக்கிறது. வாடகை வீட்டிலும் பிள்ளைக்கு மந்திரம் சொல்லித்தர ஆள் வேண்டும். கூப்பிடும் குரல் ஒருநாளும் ஓயவில்லை.

உபதேசியாரின் கைப்பேசி அடிக்கிறது. காதோடு வைத்துக் கேட்கிறார். முகம் மாறுகிறது. மெர்லிமாவ் பக்கம் ஒரு சாவு. நாளைக்குப் பகல் வேலைக்கு அவரை மாற்றிவிட்டிருக்கிறார்கள், விடுப்புக் கிடைக்காது. பலகைப் பக்கம் போய் அவளிடம் தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொல்கிறார்.

அவள் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொள்கிறாள்.

“எந்தத் தாமான் அங்கிள்? எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?”