திரிசூலம் வருமுன்

தாம்பரத்தில் மின்சார இரயில் ஏறினால், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகியவற்றைக் கடந்து நான்காவதாக வரும் நிலையம் திரிசூலம். அங்கே இறங்கிச் சுரங்கப்பாதை வழியே ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தால் எதிரே விமான நிலையம். நம் புறநகர்க் குடும்பங்களுக்கு வெளிநாடு என்பது நான்கு நிலையத் தொலைவிலேயே தொடங்கிவிடுகிறது எனலாம்.

1938 டிசம்பரில், அதற்கு முந்தைய ஆண்டு தாம்பரத்தில் குடியேறியிருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில், சீர்திருத்த சபையினரின் உலக மறைபணி மாநாடு கூடியது. ஏறத்தாழ 70 நாடுகளின் பேராளர் வந்திருந்தனர். கடல்வழிக் கடிதம் இல்லம் சேர வாரக்கணக்கில் ஆன காலம் அது. இன்றோ, விமானம் இறங்கிய அரைமணியில் பிள்ளையின் செய்தி வராவிடில், சேலையூரிலும் சிட்லபாக்கத்திலும் தாய்மார் கண் மூடுவதில்லை.

செய்தி வராமைக்குக் காரணம் பெரும்பாலும் இடர் அன்று; இணையம் கிட்டாமையே. விமான நிலையத்தின் இலவச வைஃபை பல இடங்களில் கைப்பேசிக்கு ஓ.டி.பி. அனுப்பிய பின்னரே திறக்கும். ரோமிங் வசதி பெறாத சிம்முக்கு அந்த எண் வந்து சேராது.

இந்திய சிம்முக்குள் பதிந்துள்ள அடையாள எண் 404 அல்லது 405 என்றே பெரும்பாலும் தொடங்கும். அயல்நாட்டுக் கோபுரம் அதைக் கண்டதும், 'இவர் உம்மவர்தாமா?' என்று இங்குள்ள நிறுவனத்தை வினவும். ஆம் என்ற விடை சென்ற பின்னரே வழி திறக்கும். இதுவே ரோமிங். ஆகவே அவ்வசதியை இங்கிருந்தபோதே பெற்றுக்கொள்ள வேண்டும்.

மடிக்கணினிக்கு இணையம் பெற மூன்று வழிகள் உள. இங்குள்ள நிறுவனத்திடம் ரோமிங் திட்டம் வாங்கலாம். சென்ற நாட்டில் சிம் வாங்கலாம். அல்லது இ-சிம்மை முன்னரே வாங்கிப் பதிவு செய்யலாம். எதுவாயினும், கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் மூலம் கணினிக்குப் பகிர்ந்துகொள்ளலாம். இ-சிம்மைப் பதிவு செய்வதற்கே இணையம் வேண்டுமாதலால் அதை வீட்டிலேயே முடித்துவிடுதல் நன்று. அமெரிக்க உறவினர் கொடுத்தனுப்பிய கைப்பேசியெனில், அது வாங்கிய நிறுவனத்துக்கே பூட்டப்பட்டுள்ளதா என்றும் பார்த்துக்கொள்க.

பணம் கரைவது கணினியில்தான். ஹாட்ஸ்பாட்டையும் வீட்டு வைஃபையாகவே எண்ணிக்கொண்டு, புதுப்பிப்புகளையும் புகைப்படங்களையும் அது தானே இறக்கவும் ஏற்றவும் செய்யும். ஒரு வாரத்துக்கென வாங்கியது ஓரிரவில் தீர்ந்துவிடக்கூடும். விண்டோஸ் கணினியில் அந்த இணைப்பை 'மீட்டர்டு' என்று குறித்துவிட்டால் இச்செலவு பெரிதும் அடங்கும்.

உரோமை, லூர்து, பாத்திமா என்று திருப்பயணம் செல்வோருக்கு ஒரு நற்செய்தி உண்டு. இத்தாலி, பிரான்ஸ், போர்த்துகல் மூன்றும் ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ளன. 2017 ஜூன் 15 முதல், ஒன்றிய நாடொன்றின் சிம்முக்கு மற்ற ஒன்றிய நாடுகளில் ரோமிங் மிகைக்கட்டணம் நீக்கப்பட்டுள்ளது. டேட்டா அளவுக்கு வரம்பு இருக்கலாம் என்பதை மட்டும் கேட்டறிக. ஆனால் சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. பிரிட்டன் 2020-இல் விலகியது. அவ்வெல்லைகளைக் கடக்குமுன் திட்டத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். விமானத்திலும் கப்பலிலும் உள்ள கைப்பேசி வலையமைப்புகள் தனி. அவற்றின் கட்டணமும் தனி. அங்கே ஃபிளைட் மோடே காவல்.

வேற்று நாட்டு சிம் வாங்கினாலும் இந்திய எண்ணை அணைத்துவிட வேண்டாம். வங்கியின் ஓ.டி.பி. அதற்குத்தானே வரும்? அதில் ரோமிங் டேட்டாவை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும்.

இவற்றையெல்லாம் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னரே, வீட்டுக் கூடத்தில் பெற்றோரையும் அருகில் அமர்த்திச் செய்து பார்த்தல் நலம். கைப்பேசியைப் பகிர்ந்து, கணினியைத் திறந்து, அடுத்த அறையிலிருக்கும் அன்னையை அழைத்துப் பேசுங்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் பிள்ளையின் முகம் தெரியும் என்பதை அவர்களும் கற்றுக்கொள்வார்கள். இறங்கியதும் செய்தி தாமதமானால், அது கோபுரத்தின் தாமதமேயன்றிப் பிள்ளைக்கு நேர்ந்த துன்பமன்று என்றும் சொல்லி வையுங்கள். அந்த ஒரு சொல் இங்கே காத்திருப்போருக்கு ஓரிரவு உறக்கத்தைத் தரும்.