சீனியில்லாத காபி

நான் ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம் சால்வை போர்த்தி நாலு பேர் பேசினார்கள். அதில் ஒருவர், "மேடம் 31 வருஷமா டயட் சார்ட் எழுதிக் கொடுத்தாங்க. இனிமே அதை செல்போனே எழுதிக் கொடுத்துரும்" என்றார். கைதட்டினார்கள். பயிற்சிக்கு வந்திருந்த பெண் உடனே செல்லை எடுத்தாள். வயது, உயரம், எடை தட்டினாள். ஏழு நாள் அட்டவணையை என் முன்னால் நீட்டினாள். கலோரிக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

சார்ட் எழுதுவதா எங்கள் தொழில்? ரீகால் எடுக்கவும் (முந்தின நாள் சாப்பிட்டதைக் கேட்டு எழுதுவது) எக்ஸ்சேஞ்ச் பிரிக்கவும் (ஒன்றுக்குப் பதில் எதை, எவ்வளவு சாப்பிடலாம் என்று வகுப்பது) தெரிந்தவர்கள் அரை மணியில் எழுதிவிடுவார்கள். நம் அரிசிக்கும் பருப்புக்கும் உரிய எண்களை 1937இலேயே குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்திலிருந்து அதன் இயக்குநர் அய்க்ராய்டு புத்தகமாகப் போட்டுவிட்டார். பிறகு அந்தக் கூடம் ஹைதராபாதுக்குப் போனது. அங்கே இயக்குநராக இருந்த டாக்டர் கோபாலன் காலத்தில் அந்தப் புத்தகம் விரிந்தது. எண்களுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. எங்கள் வேலை தொடங்குவது, ஒன்பது கிலோ குறைத்தவர் பன்னிரண்டு கிலோ ஏறி வாசலில் வந்து நிற்கும் நாளில். வாசலுக்குக்கூட வராமல் இருந்துவிடுகிறாரே, அந்த நாளில்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரை நாங்கள் பெரிய மேடம் என்போம். 1994இல் மதுரை ஆஸ்பத்திரியில் நான் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். மேசை மேல் நாலு குழிக்கரண்டி, மூன்று டம்ளர், ஒரு தோசைக்கல் வைத்திருப்பார். யாராவது "ரெண்டு கரண்டி குழம்பு" என்றால், "எந்தக் கரண்டி, எடுத்துக் காட்டுங்க" என்பார். எண்ணெய் எவ்வளவு ஊற்றுகிறீர்கள் என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. "வீட்ல எத்தனை பேரு? மாசம் எத்தனை லிட்டர் வாங்குறீங்க?" என்பார். ஆளுக்கு அரை லிட்டரைத் தாண்டினால் குறித்துக்கொள்வார். மளிகைக் கணக்கை யாரும் மறைப்பதில்லை.

எடை ஏறித் திரும்பி வருபவர்களிடம் அவர் நடந்துகொண்ட விதம் வேறு. வந்தவுடன் எடை மெஷினில் ஏற்ற மாட்டார். "ஏன் ஏறிச்சு?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான் கேட்டுவிட்டேன், ஒருமுறை. அந்த அம்மாள் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, அவங்க வீட்ல அம்பது பேரு அதைத்தான் கேட்டிருப்பாங்க. நீ எதுக்கு அம்பத்தொண்ணாவது ஆளா கேக்குற?" என்றார். அந்த அம்மாள் திரும்பி வரவே இல்லை. அவரது அட்டையின் நிறம்கூட எனக்கு நினைவிருக்கிறது.

1997இல் ஒருவர் வந்தார். வீட்டில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்பவர். சர்க்கரை நோய், மூட்டுவலி, 84 கிலோ. எட்டு மாதத்தில் 75க்கு வந்தார். சாப்பாட்டில் பெரிதாகக் கை வைக்கவில்லை, மூன்றே மாற்றம்தான் செய்தோம். பிறகு குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. அதைப் பிரிக்கும் முன்பே மகளுக்குப் பிரசவம். ஆளைக் காணோம். பதினான்கு மாதம் கழித்து எங்கள் ஆயா வந்து, "அந்த மாவுக்காரக்கா மூணு செவ்வாய்க்கிழமையா வராந்தா பெஞ்சுல வந்து உக்காந்துட்டு, டோக்கன் போடாமலே எந்திரிச்சுப் போயிருதும்மா" என்றார்.

மூன்று வாரம்! பஸ் பிடித்து, வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து, கதவுக்குப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார்.

நாலாவது செவ்வாய் பெரிய மேடமே எழுந்து வராந்தாவுக்குப் போய் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன். "பேரன் எப்படி இருக்கான்?" என்றார். அழுகைதான் பதில். "எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டும்மா உள்ள வர்றது? அம்புட்டு சொல்லிக் கொடுத்தீங்க. எல்லாத்தையும் கெடுத்துட்டேன்." மேடம் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காலைல காபிக்கு இன்னும் சீனி போடாமத்தான் குடிக்கிறீங்களா?" என்றார். அந்த அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆமா. அது மட்டும் போடுறதில்லை. போட்டா இப்பல்லாம் பிடிக்க மாட்டேங்குது" என்றார்.

"அப்ப எல்லாம் எங்க கெட்டுச்சு? ஒண்ணு நிக்குதே. வாங்க."

நான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டது அந்த ஒரு நிமிஷத்தில்தான். சறுக்கியவரிடம் எது உடைந்தது என்று தேடக்கூடாது. எது உடையாமல் நிற்கிறது என்று தேட வேண்டும். அதற்கு, பதினான்கு மாதம் முந்தைய அவருடைய காபி நமக்கு நினைவிருக்க வேண்டும்.

அன்று புது சார்ட் கொடுக்கவில்லை. ஆறு வாரத்துக்கு எடை குறைய வேண்டாம், ஏறாமல் இருந்தால் போதும் என்றார் மேடம். மெஷினில் கடைசியாகத்தான் ஏற்றினார். 87. அடுத்த தடவை ரீகாலில் விஷயம் தெரிந்தது: விற்காமல் மிஞ்சிய மாவை வீணாக்க மனமில்லாமல் ராத்திரி ஊத்தப்பமாக ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறார், தினமும். புளித்த மாவைப் பணியாரத்துக்கென்று தனியாக விற்கலாமே என்று யோசனை சொன்னோம். எந்த அட்டவணையில் இது வரும்?

பதினாறு மாதத்தில் 79க்கு வந்தார். அதற்குப் பிறகும் இரண்டு தடவை ஏறினார். இரண்டு தடவையும் அடுத்த செவ்வாயே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். முதல் தடவை பதினான்கு மாதம், பிறகு ஒரு வாரம். என் நோயாளிகளின் முன்னேற்றத்தை நான் அளந்தது இந்தக் கணக்கில்தான். எத்தனை கிலோ என்பதை இரண்டாவதாகத்தான் பார்ப்பேன்.

தீபாவளிக்கு அடுத்த வாரம் ஓ.பி. காலியாகக் கிடக்கும். மூன்று நாள் பலகாரம் சாப்பிட்டு, நாலாம் நாள் மெஷினில் ஏறி, இரண்டு கிலோ கூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, ஆறு மாத உழைப்பும் போச்சு என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் தேவைக்கு மேல் 15,000 கலோரிக்குக் குறையாமல் சாப்பிட்டிருக்க வேண்டும். மூன்று நாள் முறுக்கிலும் அதிரசத்திலும் அவ்வளவு ஏறாது. உடம்பில் சேரும் கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். உப்பு தன் பங்குக்குப் பிடித்து வைக்கும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் ஒரு வாரத்தில் பெரும்பகுதி வடிந்துவிடும். வெறும் தண்ணீரைப் பார்த்து மனம் உடைந்து போனவர்கள் எத்தனை பேர்! தீபாவளிக்கு முன்பே இதைச் சொல்லி அனுப்புவதும் என் வேலையாக இருந்தது.

மனக்கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்று இவர்களைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். 2011இல் வெளியான ஓர் ஆய்வில் மெல்போர்ன் ஆய்வாளர்கள் 50 பேருக்குப் பத்து வாரம் கடும் டயட் கொடுத்து எடையைக் குறைத்து, ஒரு வருடம் கழித்து ரத்தத்தைச் சோதித்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் கூடியே இருந்தது, பசியை அடக்கும் லெப்டின் குறைந்தே இருந்தது. குறைத்த எடையை உடம்பு திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதைப் படித்த அன்று பெரிய மேடத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அப்ப அவங்க பொய் சொல்லலைன்னு இப்பவாவது தெரிஞ்சுச்சே" என்றார்.

இன்றைக்கு நடப்பதைப் பார்க்கிறேன். மூன்று மாத பேக்கேஜ், முன்பணம். தினமும் காலையில் மெஷினில் நின்று படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். இரண்டு வாரம் எடை ஏறியவரைக் குழுவிலிருந்து நீக்கிவிடும் இடம் ஒன்றை எனக்குத் தெரியும். இளைத்தவர்களின் படம் மட்டும் வாசலில் தொங்கும். அவர்களில் இருவர் பிறகு என்னிடம்தான் வந்தார்கள். தன் படம் அங்கே தொங்கும்போது அந்தத் தெருவில் நடக்க வெட்கமாக இருக்கிறது என்றார் ஒருவர்.

2025இல் எடையைக் குறைக்க வாரம் ஒருமுறை போடும் ஊசிகள் இந்தியக் கடைகளுக்கு வந்துவிட்டன. நல்ல மருந்து, நான் எதிரி இல்லை. ஆனால் அவற்றில் ஒன்றான செமாக்ளுடைடை நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு எடை திரும்பியதாக 2022இலேயே ஆய்வு வந்துவிட்டது. நிறுத்துகிற அன்று பக்கத்தில் உட்கார யார் இருக்கிறார்கள்?

அந்தப் பயிற்சிப் பெண்ணிடம் மறுநாள் கேட்டேன், ஆள் வராமல் போனால் என்ன செய்வாய் என்று. செயலி தானாக மூன்று செய்தி அனுப்பும் என்றாள். நல்ல பெண், கணக்கு பிசகாது. அவளுக்கு யாரும் வராந்தாவைக் காட்டவில்லை.

போன வாரம் என் பி.எப். தாள்களுக்காகப் போனபோது பார்த்தேன், வராந்தாவில் பெஞ்ச் இல்லை. அந்த இடத்தில் டோக்கன் மெஷின் நிற்கிறது. எண் எடுக்காமல் அங்கே யாரும் இனி உட்கார முடியாது. பெஞ்சைத் திரும்பப் போடச் சொல்லி ஒரு கடிதம் எழுதி, பெரிய மேடத்தின் நாலு கரண்டியோடு சேர்த்து அந்தப் பெண்ணின் மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.