மலாக்காவுக்கு ஒரு கல்விச் சுற்றுலா

கற்றலுக்கு வகுப்பறை ஒன்றே இடமன்று. கண்ணால் கண்டும் காலால் நடந்தும் பெறும் அறிவு நெஞ்சில் நெடுநாள் நிற்கும். நம் மாணவர்களை ஒருநாள் மலாக்காவுக்கு அழைத்துச் செல்லத் திட்டம் வகுக்கும் பொறுப்பு எனக்குக் கிட்டியது. அப்போது தோட்டத் தொழிலாளியான தந்தை ஒருவர், "ஐயா, பழைய கோட்டையைப் பார்க்கவா இவ்வளவு செலவு? அங்கே நம்முடையது என்ன இருக்கிறது?" என வினவினார். நியாயமான வினா! அதற்கு விடை கூறும் வகையிலேயே இத்திட்டத்தை அமைத்துள்ளேன்.

ஸ்கூடாயிலிருந்து மலாக்கா ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்குச் செல்ல இரு வழிகள் உண்டு. நம் ஸ்கூடாயிலேயே தொடங்கும் 5ஆம் எண் கூட்டரசுச் சாலை பொந்தியான், பத்து பகாட், மூவார் ஆகிய ஊர்களைக் கடந்து மலாக்காவை அடைகிறது. ஆயினும், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஆயர் குரோ வழியாகச் சென்றால் நேரம் மிச்சமாகும். எனவே, காலை 6 மணிக்குப் பேருந்து புறப்படும். 9 மணிக்குள் நகரை அடைந்துவிடலாம்.

வெயில் ஏறுமுன் செயின்ட் பால் குன்றில் ஏறுவோம். உச்சியில் போர்த்துக்கீசியர் 1521இல் எழுப்பிய தேவாலயத்தின் சுவர்கள் நிற்கின்றன. 1400ஆம் ஆண்டையொட்டிப் பரமேஸ்வரா நிறுவிய மலாக்கா அரசை அவர்கள் 1511இல் கைப்பற்றினர். இடம்பெயர்ந்த சுல்தானின் வழியினரே பின்னர் ஜொகூர் அரசை நிறுவினர். ஆகவே, மலாக்காவின் வரலாறு நாம் வாழும் ஜொகூரின் முன்கதையும் ஆகும். 1641இல் டச்சுக்காரரும், அவருக்குப்பின் ஆங்கிலேயரும் அந்நகரை ஆண்டனர். போர்த்துக்கீசியர் கட்டிய கோட்டையை ஆங்கிலேயர் 1807இல் தகர்த்தனர். குன்றின் அடிவாரத்தில் இன்று நாம் காணும் வாயில் அதில் எஞ்சியதாகும்.

அவ்வாயிலருகே நின்று கடலைத் தேடும் பிள்ளைகள் வியப்படைவர். முன்பு கோட்டையை ஒட்டியிருந்த கடல், நிலம் தூர்க்கப்பட்டமையால் இன்று தொலைவில் உள்ளது. கடலைக் காண மாலையில் தனியே நேரம் ஒதுக்கியுள்ளேன்.

அடுத்து, ஆற்றுப் பாலத்தைக் கடந்து ஜாலான் துக்காங் எமாஸ் என்னும் பொற்கொல்லர் தெருவை அடைவோம். நண்பகலில் நடை சாத்துமுன் ஸ்ரீ பொய்யாத மூர்த்தி விநாயகர் கோயிலை வழிபடவேண்டும். 1781இல் எழுந்த இக்கோயில் நம் நாட்டின் மிகப் பழைய இந்துக் கோயில்களுள் ஒன்று. அதன் அருகிலேயே 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசல் உள்ளது. சற்று நடந்தால் சீனரின் செங் ஹூன் தெங் ஆலயம். மூன்று சமயத்தாரும் அடுத்தடுத்து வழிபடும் இந்நகரை, 2008இல் ஜார்ஜ் டவுனுடன் சேர்த்து உலகப் பாரம்பரியத் தலமாக யுனெஸ்கோ அறிவித்தது.

பிற்பகலில் காஜா பேராங்கில் உள்ள மலாக்கா செட்டிகளின் கிராமத்துக்குச் செல்வோம். பருவக்காற்றை நம்பிக் கப்பலேறி வந்து, சுல்தான்கள் காலத்திலேயே இங்குத் தங்கி, உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள் இவர்கள். பொற்கொல்லர் தெருக் கோயிலும் இவர்களுடையதே. வீட்டில் பேசுவது மலாய். வழிபடுவது சைவ நெறியில். நூற்றாண்டுகள் பல கடந்தும் சமயத்தைக் காத்த அவர்களைப் போற்றவேண்டும். ஆனால், மொழி ஏன் நழுவியது என்பதையும் நாம் சிந்திக்கவேண்டும். வீட்டில் வழங்காத மொழி, கற்பிக்கப் பள்ளியும் இல்லையெனில், மெல்ல மறைந்துவிடும்.

மலாக்காவில் 1796இல் பிறந்த முன்ஷி அப்துல்லா, மலாய் இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவர். நாகூரோடு குடும்பத் தொடர்புடையவர். அக்கால மலாக்காவில் வசதி படைத்தோர் தம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தனர் என்றும், கணக்கெழுதவும் வணிகரோடு உரையாடவும் அது பயன்பட்டதென்றும் அவர் தம் வரலாற்று நூலில் குறித்துள்ளார். அவரும் தமிழ் பயின்றார். ஆம்! பால்வெட்ட நம் முன்னோர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, இம்மண்ணில் தமிழ் கடைத்தெருவின் மொழியாகத் திகழ்ந்தது. மலாக்காவில் நம்முடையது என்ன என்பதற்கு இதனினும் சிறந்த விடை வேண்டுமோ?

பெற்றோர்களே! பிள்ளைகளுக்குத் தொப்பி, குடிநீர், பிற்பகல் மழைக்கு ஒரு குடை ஆகியவற்றைக் கொடுத்தனுப்புங்கள். வழிபாட்டுத் தலங்களுக்கு ஏற்ற அடக்கமான உடை அணிவியுங்கள். செலவைத் தாங்க இயலாதோர் தயங்காமல் எம்மிடம் தெரிவியுங்கள். பணமின்மையால் எந்தப் பிள்ளையும் பின்தங்குதல் கூடாது.

மாணவச் செல்வங்களே! ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் கொண்டு வாருங்கள். ஆனால், முதற்பக்கத்தை வீட்டிலேயே எழுதி முடியுங்கள். நம் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது, யார் முதலில் கப்பலேறினார், எந்தத் தோட்டத்தில் முதலில் குடியேறினார் எனத் தாத்தா பாட்டியிடம் கேட்டு, அவர்கள் கூறுவதைத் தமிழில் எழுதுங்கள். மலாக்காவின் வரலாற்றை அதற்கடுத்த பக்கத்திலிருந்து தொடங்குவோம்.