அப்பா சொன்னாரு... நான் ஸ்டேட்டஸ் போட்டேன்!

கெலவரப்பள்ளி அணையை நேர்ல பார்த்திருக்கீங்களா பாஸ்? ஓசூர்க்காரங்களான எங்களுக்கு அது கொல்லைப்புறம் மாதிரி. பெங்களூருல நல்ல மழை அடிச்சு, இங்கே ஷட்டரைத் திறந்தா போதும். தென்பெண்ணைல வெள்ளை வெளேர்னு நுரை பொங்கும். அந்தப் பக்கத்துச் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்து வர்ற தண்ணி. வெளியூர் ஃப்ரெண்ட்ஸ் 'ஹை, ஊட்டி பனி!'ன்னு செல்ஃபி எடுப்பாங்க. நாங்க மூக்கைப் பொத்திக்கிட்டு நிப்போம்.

ஒரு மழைக்கால ராத்திரி, சாப்பிடும்போது அப்பா சொன்னாரு: "இந்தத் தண்ணிய வயலுக்கு விடறதே தப்பு கண்ணு. எல்லாருக்கும் தெரியும், ஃபைல்லதான் யாரும் எழுத மாட்டாங்க." அப்பா ஓர் அரசு அலுவலகத்துல உதவியாளர். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? நுரை வீடியோவுக்கு மேல, 'கவர்மென்ட்ல இருக்கற எங்கப்பாவே சொல்றாரு'ன்னு அவர் பேச்சை அப்படியே போட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்! காலையில நூத்திச் சொச்சம் பேர் பார்த்திருந்தாங்க. செம பெருமை.

அந்த நூத்துச் சொச்சத்துல அப்பா ஆபீஸ்காரர் ஒருத்தரும் இருந்தாரு. ஸ்கிரீன்ஷாட் மேலிடம் வரைக்கும் போயிடுச்சு. அப்பாவைக் கூப்பிட்டு நிக்க வெச்சு விசாரிச்சிருக்காங்க. நல்லவேளை, மெமோ வரலை. வாய்மொழி எச்சரிக்கையோட விட்டுட்டாங்க. வீட்டுக்கு வந்து அப்பா என்னைத் திட்டவே இல்லை... திட்டியிருந்தா தேவலை! பீரோவுல இருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்து முன்னால வெச்சாரு. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973. அரசோட கொள்கையையோ நடவடிக்கையையோ ஊழியர் வெளியே விமர்சிக்கக் கூடாதாம்.

"ஆபீஸ் நேரத்துலதானே?"

"இருபத்தி நாலு மணி நேரமும்."

ரிட்டயர் ஆக மூணே வருஷம் இருக்கற மனுஷன். பென்ஷன் என் கண்ணு முன்னால ஆடுச்சு.

அப்ப வீட்டுல, சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உட்கார்ந்திருக்கறவர் யாரு? அப்பாவா, அரசா? இந்தக் கேள்வியோட தேட ஆரம்பிச்சப்போ கிடைச்ச கேஸ், நாங்க பஸ்ல போற ஓசூர் ரோட்டுப் பக்கமே இருந்துச்சு. எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டினா வர்ற பரப்பன அக்ரஹாரா சிறை. 2017 ஜூலையில, கர்நாடக சிறைத்துறை டி.ஐ.ஜி. ரூபா, அங்கே இருந்த வி.கே.சசிகலாவுக்குத் தனிச் சமையல் உட்பட சலுகைகள் தரப்படுதுன்னு மேலதிகாரிக்கு ரிப்போர்ட் எழுதினாரு. இதுக்காக லஞ்சம் கைமாறியதா பேச்சு இருக்குன்னும் எழுதினாரு. மேலதிகாரி மறுத்தாரு. விஷயம் டி.வி.க்கு வந்ததும், மீடியாகிட்ட பேசினது விதிமீறல்னு அரசு சொல்லுச்சு. சில நாள்லயே ரூபாவுக்கு டிராஃபிக் பிரிவுக்கு டிரான்ஸ்ஃபர்.

ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி வினய்குமார் விசாரிச்சாரு. அந்த அறிக்கை வெளியே வந்தது எப்படி தெரியுமா? 2019 ஜனவரியில, தகவல் உரிமைச் சட்டத்துல ஒருத்தர் மனு போட்டு வாங்கினதால! சலுகை கொடுக்கப்பட்டது உண்மைன்னு அதுல இருந்துச்சு. உள்ளே இருந்தவர் வாயைத் திறந்தா டிரான்ஸ்ஃபர். அதே விஷயத்தை வெளியே இருந்து ஒருத்தர் தாள்ல கேட்டா பதில். விநோதம்தான், இல்லை?

'ரூபா வாழ்க!'ன்னு முடிச்சிருப்பேன். ஆனா 2023 பிப்ரவரியில அதே ரூபா, ஒரு பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரியோட சொந்தப் படங்களை ஃபேஸ்புக்ல போட்டாரு. பெரிய ரகளை. ரெண்டே நாள்ல, ரெண்டு பேரையுமே பதவி எதுவும் கொடுக்காம இடம் மாத்தினாங்க. சிறையைப் பத்தி சொன்னது ஊருக்கான விஷயம். அடுத்தவர் படத்தை ஊருக்குக் காட்டினதுல நமக்கு என்ன இருக்கு? விதிகளோ ரெண்டையும் ஒரே தராசுல வைக்குது. அதான் எனக்கு இடிக்குது.

கோர்ட் கொஞ்சம் பரவாயில்லை. ஓய்வுபெற சில நாளே இருந்த ஒரு பெண் ஊழியரை, அரசியல் கூட்டத்துக்குப் போனாங்க, ஃபேஸ்புக்ல எழுதினாங்கன்னு திரிபுராவுல சஸ்பெண்ட் செஞ்சாங்க. அரசு ஊழியருக்கும் பேச்சுரிமை உண்டுன்னு சொல்லி, 2020 ஜனவரியில திரிபுரா ஹைகோர்ட் அதை ரத்து செஞ்சுது. அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். "அந்தம்மா கோர்ட்டுக்குப் போயிட்டு வந்தாங்க கண்ணு. உங்க அம்மா என்னைப் போக விடுவாளா?"ன்னு சிரிச்சாரு.

என் தப்பும் புரிஞ்சுது. அப்பா மகள்கிட்ட பேசினதை, அவர் அனுமதி இல்லாம, கையில ஒரு தாளும் இல்லாம ஊருக்குப் போட்டவ நான். 'சாரிப்பா'ன்னேன். "சாரி எதுக்கு? என்னால சொல்ல முடியாது. உன்னால கேட்க முடியும்ல?"ன்னாரு. மறுநாள் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போட்டேன், அப்பாவுக்குச் சம்பந்தமே இல்லாத வேற ஆபீஸுக்கு. அணைத் தண்ணிய எப்பெப்போ பரிசோதிச்சீங்க, ரிசல்ட் என்ன, அதுக்கப்புறம் என்ன செஞ்சீங்க... மூணே கேள்வி. தமிழ்நாடு 1997-லயே தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட மாநிலம். 2005-ல வந்த மத்திய சட்டப்படி முப்பது நாள்ல பதில் வரணும்.

இருபத்தெட்டாவது நாள் கவர் வந்துச்சு. முதல் ரெண்டுக்கும் பதில் இருந்துச்சு. மூணாவதுக்கு 'இவ்வலுவலகத்தில் விவரம் இல்லை'.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முழுசாப் படிச்சாரு. தண்ணியைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. கடைசிப் பத்தியில விரலை வெச்சாரு. 'முப்பது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.' அப்புறம் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினாரு.

"இதுக்கு ஸ்டாம்ப் வேணாம்."