சீஸ் பெட்டியில் ஒரு காவற்காரன்

புலம்பெயர்ந்து வந்த எங்களுக்குக் கடைக்குப் போவதே ஒரு பரீட்சைதான். பிள்ளைகள் பாணுக்குப் பூசச் சீஸ் கேட்கிறார்கள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் மொழி விளங்காது. ‘ஈ’ என்ற எழுத்தும் அதன்பின் இலக்கங்களும் மட்டும் கண்ணில் படும். என்ன மருந்தோ, என்ன கொழுப்போ என்று இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருகிறோம்.

அந்த இலக்கங்களில் ஒன்று ஈ 234. அதன் பெயர் நைசின். பாலைப் புளிக்க வைக்கும் ஒருவகைப் பற்றீரியா, தன்னோடு போட்டிக்கு வரும் கிருமிகளை விரட்டுவதற்காகத் தானே சுரக்கும் சிறு புரதத்துண்டு இது. இதில் இருப்பவை 34 அமினோ அமிலங்கள் மட்டுமே. 1928இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதன் செயலைக் கவனித்தார்கள். 1988இல் அந்நாடு சீஸ் பூச்சுகளில் இதைச் சேர்க்க அனுமதித்தது. ஐரோப்பாவில் சீஸ் வகைகளுக்கும், எங்களுக்குப் பழக்கமான ரவை, சவ்வரிசியில் செய்யும் புடிங்குகளுக்கும் அனுமதி உண்டு. ஒரு கிலோ சீஸில் 12.5 மில்லிகிராமுக்கு மேல் சேர்க்கக்கூடாது.

ஊரில் உறைமோர் விட்டுத் தயிர் தோய்த்த எங்களுக்கு இந்த வகைப் பற்றீரியாக்கள் புதியவை அல்ல. தயிரைப் பெரும்பாலும் காப்பது அதன் புளிப்பு. நைசினின் வழி வேறு. அது கிருமியின் மென்சவ்வில் துளையிட்டு அதைக் கொல்கிறது. எங்கள் உடலிலோ மற்றப் புரதங்களைப் போலச் சமித்துப் போகிறது.

ஆனால் இந்தக் காவற்காரன் எல்லாக் கள்ளரையும் பிடிக்கமாட்டான். பூஞ்சணமும் மதுவமும் இவனுக்கு அடங்காதவை. லிஸ்ரீரியா என்ற கிருமியை இவன் எதிர்ப்பான். ஆனாலும் அது பிரிட்ஜின் குளிரிலும் வளரக்கூடியது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கே ஆபத்தானது. அதனால் கர்ப்பிணித் தாய்மார் பூஞ்சணம் படிந்த மென்மையான சீஸ் வகைகளைச் சமைக்காமல் உண்ணக்கூடாது. எங்கள் வீடுகளில் பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருப்போருக்கு இதை முதலில் சொல்லிவைப்போம்.

சைவ உணவுக்காரருக்கும் ஒரு வார்த்தை. சீஸைப் பொறுத்தவரை ஈ 234ஐவிட, பாலை உறைய வைக்கச் சேர்ப்பது எது என்பதே முக்கியம். சில வகைகளுக்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியம் சேர்க்கிறார்கள். மரக்கறி உணவு என்ற அடையாளம் உண்டா என்று பார்த்து வாங்குவோம்.

பெட்டியில் ஈ 234 இருந்தாலும், திகதியைப் பார்ப்போம். திறந்ததும் பிரிட்ஜில் வைப்போம். மொழி தெரிந்த பிள்ளையை அருகில் இருத்தி, வாங்கும் பெட்டிகளை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்வோம். இந்த நாட்டின் மொழியை நாங்கள் படிப்பதற்கு எங்கள் குசினியும் ஒரு நல்ல வகுப்பறைதான்.